அரசுப் பள்ளியில் தமிழ்: மணிக்கணக்கு முதல் மெட்ரிக் வரை
வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்கப் பொதுப் பள்ளிகளில் தமிழைப் பாடமாகச் சேர்ப்பது பற்றி க்வாசூலு-நடால், கௌடெங் மாகாணங்களிலிருந்து வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம். பாடத்திட்ட அமைப்பு, பள்ளி நிர்வாகச் சட்டம், மொழி கற்பித்தல் ஆகியவற்றில் பழுத்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் 4ஆம் வகுப்பிலிருந்து தமிழ் வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்டோம். தலைமை ஆசிரியர் நல்லவர்தான். ஆனால் ‘டைம்டேபிளில் ஐந்து நிமிடம்கூட இல்லை’ என்கிறார். வேறு பாடத்தில் கொஞ்சம் குறைத்துத் தரக் கூடாதா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: குறைத்துத் தர முடியாது அம்மா. அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. கேப்ஸ் எனப்படும் தேசியப் பாடத்திட்டம் 4 முதல் 6ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 27½ மணி நேரத்தை முழுவதுமாகப் பங்கிட்டுவிட்டது. வீட்டு மொழிக்கு 6 மணி, முதல் கூடுதல் மொழிக்கு 5, கணக்குக்கு 6, அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்த்து 3½, சமூக அறிவியலுக்கு 3, வாழ்க்கைத் திறனுக்கு 4. இந்த நேரத்தைக் கட்டாயப் பாடங்களுக்கு மட்டுமே செலவிடலாம். கூடுதலாக ஒரு பாடம் சேர்த்தால் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது. ஆகவே ‘வாழ்க்கைத் திறனில் ஒரு பீரியட் எடுங்கள்’ என்று கேட்டால் விதியை மீறச் சொல்கிறீர்கள். அவர் மறுக்கத்தான் வேண்டும்.

கேட்க வேண்டியது வேறு. ஆசிரியர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது பணி விதி. வாரத்துக்கு 35 மணி. அதில் 27½ போனால் மிச்சம் 7½ மணி, அதாவது 450 நிமிடம். உங்கள் பள்ளியின் கணக்கைத் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இடைவேளை நாளுக்கு 50 நிமிடம் என்றால் வாரத்துக்கு 250. வருகைப் பதிவு நாளுக்கு 10 நிமிடம் என்றால் 50. காலைக் கூட்டம் வாரம் ஒரு முறை 30. ஆக 330 நிமிடம். மீதி 120. இரண்டு 45 நிமிட வகுப்புகளுக்கு 90 நிமிடம் போதும். ஆசிரியர் கூட்டங்களும் விளையாட்டும் இதே இடுக்கில்தான் நுழைகின்றன; அதனால் எல்லாப் பள்ளியிலும் இது முழுதாகக் கிடைத்துவிடாது. ஆனால் ‘ஐந்து நிமிடம்கூட இல்லை’ என்ற பேச்சு ‘எந்த இரண்டு நாள்?’ என்று மாறுவதற்கு இந்தத் தாள் ஒன்றே போதும்.

நேரம் கிடைத்த பிறகு அதை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று இடங்களில் வைத்தால் வகுப்பு நிலைக்காது. முதலாவது, வேறு பாடம் நடக்கும்போது தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் எழுப்பி அழைத்துப் போவது. கணக்கு டீச்சர் இரண்டாம் வாரமே புகார் சொல்வார், அவர் பக்கம் நியாயம் இருக்கும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை கடைசி நேரம். விளையாட்டுப் போட்டி, கூட்டம், சீக்கிரம் பள்ளி விடுவது என்று ஆண்டில் பாதி வெள்ளிக்கிழமைகள் போய்விடும். மூன்றாவது, பள்ளி விட்ட பிறகு. பாதிப் பிள்ளைகள் வாடகை வேனில் வருகிறார்கள்; வேன்காரர் 2.15க்குக் கிளம்பினால் பிள்ளையும் கிளம்பியாக வேண்டும். தமிழில் ஆர்வம் இல்லாததால் பிள்ளை நின்றுவிட்டது என்று நினைப்போம், உண்மையில் வண்டிதான் காரணமாக இருக்கும்.

திங்களும் புதனும், அல்லது செவ்வாயும் வியாழனும், அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ‘விருப்ப வகுப்பு’ என்று வைப்பதே சரி. தமிழ் எடுக்காதவர்கள் சதுரங்கம், வாசிப்பு, பாட்டு, வேறொரு மொழி என்று எதிலாவது இருப்பார்கள். யாரும் எதையும் இழப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: 4, 5, 6 மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தை வைத்துவிடாதீர்கள். முதல் ஆண்டில் 4ஆம் வகுப்பு மட்டும் என்பதால் பிரச்சினை தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஒரே ஆசிரியர் இரண்டு அறையில் இருக்க வேண்டி வரும். வேறு வழியில்லாமல் இரண்டு வகுப்பையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள், ஓர் ஆண்டு படித்த பிள்ளை மறுபடி ‘அ, ஆ’விலிருந்து தொடங்கும், அந்த ஆண்டோடு அது விடைபெறும்.

கேள்வி: நான் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் கேட்டால்தான் தமிழ் தர முடியும் என்கிறார்கள். எங்களிடம் 23 பேர்தான். மேலும் எந்தக் காகிதம் யாருக்குப் போக வேண்டும் என்றே தெரியவில்லை.
— நிர்வாகக் குழு உறுப்பினர், பீனிக்ஸ்

பதில்: அந்த 40 வேறு விஷயத்துக்கான எண். 1997இன் மொழிக்கொள்கை விதிகளில் 1 முதல் 6ஆம் வகுப்பு வரை 40 பேரும், 7 முதல் 12 வரை 35 பேரும் கேட்டால் ஒரு மொழியில் கல்வி கற்பிப்பது நடைமுறைக்கு உகந்தது என்று வருகிறது. அது பயிற்று மொழிக்கானது. கணக்கையும் அறிவியலையும் அந்த மொழியிலேயே நடத்துவதற்கானது. நீங்கள் கேட்பது தமிழை ஒரு பாடமாக. 23 பேர் நல்ல வகுப்பு. மொழி கற்பிக்க 15 முதல் 25 வரை இருப்பதே வசதி.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதும் இருக்கின்றன. இம்மொழிகளை வளர்ப்பதும் மதிப்பை உறுதிசெய்வதும் தேசிய மொழி வாரியத்தின் கடமை என்கிறது அப்பிரிவு. அதை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ‘எங்களுக்கு ஆசிரியர் கொடுங்கள்’ என்றால் கிடைக்காது. அது ஆசிரியர் பணியிடத்துக்கான உரிமை அல்ல. 2014இல் இந்த ஐந்து மொழிகளும் விருப்பப் பாடங்களாகத் திரும்ப வந்தபோதும் பணியிடங்கள் கூடவே வரவில்லை. பள்ளிதான் கேட்டு, திட்டமிட்டு, செலவுக்கும் வழி காண வேண்டும்.

கையில் எடுக்க வேண்டியது 1996ஆம் ஆண்டின் 84ஆம் எண் பள்ளிச் சட்டம். அதன் 6(2) பிரிவின்படி பள்ளியின் மொழிக்கொள்கையை வகுப்பது நிர்வாகக் குழு. 21ஆம் பிரிவுப் பொறுப்புகள் உங்கள் பள்ளிக்கு வழங்கப்பட்டிருந்தால், மாகாணக் கொள்கைக்கு உட்பட்டு விருப்பப் பாடங்களைத் தீர்மானிப்பதும் உங்கள் கையில் இருக்கும். வழங்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். 2024 செப்டம்பரில் கையெழுத்தான, பள்ளிச் சட்டத்தைத் திருத்திய பெலா சட்டத்துக்குப் பிறகு, குழு வகுக்கும் மொழிக்கொள்கை மாகாணக் கல்வித்துறைத் தலைவரின் ஒப்புதலுக்கும் போக வேண்டும். பழைய முறையில் தீர்மானம் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கியவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஜனவரியில் வகுப்பு தொடங்க வேண்டுமானால் முந்தைய பிப்ரவரியில் வேலை தொடங்க வேண்டும். முதல் பருவத்தில் பெற்றோர் விருப்பப் படிவம். அதில் ‘தமிழ் வேண்டுமா’ என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். பிள்ளை எந்த வகுப்பு, எப்படி வீடு திரும்புகிறது, எத்தனை மணி வரை இருக்க முடியும், வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் உண்டா என்பவற்றையும் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் பருவத்தில் குழுக் கூட்டத்தில் தீர்மானம். மொழிக்கொள்கையில் ‘தமிழ், இரண்டாம் கூடுதல் மொழி, விருப்பப் பாடம், 4ஆம் வகுப்பு முதல், 27½ மணிக்கு மேற்பட்ட நேரத்தில்’ என்று தெளிவாக எழுதி, உங்கள் வட்டாரப் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வித்துறை அதிகாரியான சர்க்யூட் மேலாளர் வழியாக மாவட்டத்துக்கு அனுப்புங்கள். பீனிக்ஸ் என்றால் பைன்டவுன் மாவட்டம். சாட்ஸ்வொர்த் என்றால் உம்லாசி. பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். கடிதம் காணாமல் போனால் ஓர் ஆண்டு போகும்.

மூன்றாம் பருவத்தில் ஆசிரியர். நான்காம் பருவத்தில் பட்ஜெட். பள்ளிச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி பெற்றோர் பொதுக்கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பட்ஜெட் பிரதி 14 நாளுக்கு முன்பே பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழுக்கான செலவு அந்தப் பிரதியில் தனி வரியாக இருக்கட்டும். ‘இதர செலவு’ என்பதற்குள் ஒளித்து வைத்தால் முதல் நெருக்கடியில் அதுதான் வெட்டுப்படும். ஆசிரியர் சம்பளத்தோடு பிரதி எடுக்கும் செலவையும் போடுங்கள். வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 2 தாள், 32 வாரம், 25 பிள்ளைகள் என்றால் 1,600 தாள். 500 தாள் கட்டு மூன்றுக்குக் கொஞ்சம் மேல்.

டிசம்பரில் பள்ளி மூடும் முன், பள்ளி நிர்வாகக் கணினி நிரலான எஸ்ஏ-சாம்ஸில் தமிழ் பாடமாகச் சேர்க்கப்பட்டு, பிள்ளைகள் அதில் பதிவாகியிருக்கிறார்களா என்று அலுவலக எழுத்தரிடம் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரலில் இல்லாத பாடம் மதிப்பெண் அறிக்கையில் வராது. அறிக்கையில் வராத பாடத்தைப் பிள்ளையும் பெற்றோரும் இரண்டாம் பருவத்திலேயே கைவிடுகிறார்கள்.

கேள்வி: கோயில் தமிழ்ப் பள்ளியில் பல்லாண்டுகளாகச் சொல்லித் தருபவர் ஒருவர் இருக்கிறார். நல்ல தமிழ். ஆசிரியப் பட்டம் இல்லை. அவரைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாமா? ஒருவரையே நாலைந்து பள்ளிகள் பகிர்ந்துகொள்ள முடியுமா?
— டோங்காட் வாசகர்

பதில்: பள்ளிச் சட்டத்தின் 20(4) பிரிவு, அரசு தரும் பணியிடங்களுக்கு மேல் நிர்வாகக் குழு தன் செலவில் ஆசிரியரை நியமிக்க இடம் தருகிறது. ஆனால் நியமிக்கப்படுபவர் ஆசிரியர் மன்றமான சேஸில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுக்குக் காவல்துறைச் சான்றும் தேவை. ஆகவே அவர் தனியாக வகுப்பை நடத்த முடியாது. பதிவு பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பாக அறையில் இருக்க, பெரியவர் பேச்சையும் வாசிப்பையும் நடத்தலாம். தமிழே தெரியாத வகுப்பாசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. ஒழுங்கும் மதிப்பெண் பதிவும் அவர் பொறுப்பு, மொழி பெரியவர் பொறுப்பு. தன்னார்வலராகவே வந்தாலும், பிள்ளைகளோடு பழகுபவர் என்பதால் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை என்று பள்ளி சரிபார்த்தாக வேண்டும். தெரிந்தவர், கோயில்காரர் என்று இதை விட்டுவிடக் கூடாது. இது அவரைச் சந்தேகிப்பது அல்ல. யாரும் பின்னால் சந்தேகிக்க இடமில்லாமல் செய்வது.

இளையவர் யாராவது தயாராக இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்பை அடிப்படை நிலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆசிரியப் பட்டமும் தமிழும் ஒருவரிடமே சேர்ந்து கிடைப்பது அரிது. பட்டம் உள்ள இளம் ஆசிரியருக்குத் தமிழைச் சேர்ப்பது, தமிழ் தெரிந்த முதியவருக்குப் பட்டம் சேர்ப்பதைவிட எளிது.

பகிர்வது பற்றி: கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். பள்ளி விட்ட பிறகு மட்டும் என்றால் ஒருவரால் நாளுக்கு இரண்டு வகுப்புதான் முடியும், வாரத்துக்கு 10. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு என்றால் மொத்தம் 5 குழுக்கள். அதாவது இரண்டு பள்ளிகளில் 4ஆம் வகுப்பும் 5ஆம் வகுப்பும் எடுத்தாலே ஆள் நிரம்பிவிடுகிறார். ஐந்து பள்ளிகளில் ஒரே ஆண்டு தொடங்கினால் அடுத்த ஆண்டு ஒன்றில்கூட 5ஆம் வகுப்புக்கு நேரம் இருக்காது. இரண்டு பள்ளிகளில் தொடங்குங்கள். வகுப்பு பள்ளி நேரத்துக்குள் வந்துவிட்டால் மூன்றாவதைச் சேர்க்கலாம்; நாட்களை முன்பே பிரித்து, பயணத்துக்குக் குறைந்தது அரை மணி இடைவெளி விட்டு.

கேள்வி: பேரனின் பள்ளியில் தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து நடத்துகிறார்கள். ஆறு மாதமாகியும் எழுத்து அட்டவணையை ஒப்பிக்கிறானே தவிர, ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. குறை எங்கே?
— ஒரு தாத்தா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குறை பேரனிடம் இல்லை ஐயா. தமிழ்நாட்டுப் புத்தகம் தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுதியது. அங்கே ‘மரம்’ என்ற சொல் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தை மட்டும் கற்றால் போதும். நம் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். சொல்லும் புதிது, ஒலியும் புதிது, எழுத்தும் புதிது. மூன்றையும் சேர்த்துத் தலையில் ஏற்றினால் அட்டவணையை ஒப்பிப்பதுதான் மிஞ்சும். மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் தொடக்கப் பள்ளிகளுக்காகத் தயாரிக்கும் தமிழ்ப் புத்தகங்கள், வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளை மனத்தில் வைத்தவை. நம் நிலைமைக்கு அவை இன்னும் நெருக்கம். அப்படியே நகலெடுக்காமல், அடுக்குமுறையைப் பார்த்து உங்கள் பள்ளிக்கு ஏற்பச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் நேரத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு பருவத்தில் உருப்படியாகக் கிடைப்பது 8 வாரம் என்று வைத்தால், வாரம் இரண்டு 45 நிமிட வகுப்பில் பருவத்துக்கு 12 மணி. ஆண்டுக்கு 48 மணி. 247 எழுத்தையும் இந்த 48 மணிக்குள் அடைக்க நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. ஒவ்வொரு வகுப்பிலும் 20 நிமிடம் பேச்சு, 15 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் எழுத்து என்று பிரியுங்கள். பேச்சுக்கு வீட்டில் இன்னும் புழங்கும் சொற்களையே முதலில் எடுங்கள்: தாத்தா, அக்கா, அண்ணா, மாமா, ரசம், வடை, புளி. ஆங்கிலம் மட்டுமே பேசுவதாக நினைக்கும் பிள்ளைக்கு இருபது முப்பது தமிழ்ச் சொல் முன்பே தெரியும். அங்கிருந்து தொடங்கினால் பயம் போகும்.

எழுத்தை அகர வரிசையில் நடத்த வேண்டாம். வடிவம் எளிதானது, சொல் கட்ட உதவுவது முதலில். முதல் பருவத்தில் ட, ப, ம, ர, த, க, வ, கூடவே அ, புள்ளி. இந்த எட்டு எழுத்திலேயே படம், மரம், பட்டம், பக்கம், வட்டம், வரம், அகம் என்று மூன்றாம் வாரத்தில் பிள்ளை சொல் படிக்கத் தொடங்கும். இரண்டாம் பருவத்தில் ந, ன, ல, ச, ய சேர்த்து, கால் (ா), விசிறி (ி), சுழித்த விசிறி (ீ) மூன்று குறிகள். அம்மா, அப்பா, தாத்தா, மாமா, தம்பி, பாட்டி எல்லாம் கைக்கு வந்துவிடும். மூன்றாம் பருவம் முழுவதும் உகரத்துக்கும் ஊகாரத்துக்கும். கு, சு, டு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ஒரே குறியைக் கற்று எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் தளர்வது இங்கேதான். இதை இரண்டு வாரத்தில் ஓட்டிவிட்டுப் ‘பிள்ளைக்கு மறதி’ என்கிறார்கள். வாரத்துக்கு மூன்று வடிவங்களுக்கு மேல் வேண்டாம். வீடு, மாடு, பூ, பாட்டு, கதவு என்று ஒவ்வொன்றும் சொல்லோடு வரட்டும். நான்காம் பருவத்தில் எ, ஏ, ஐ, ஒ, ஓ. கொம்பை இடப்பக்கம் எழுதிவிட்டு ஒலிக்கும்போது பின்னால் சொல்வது ஆங்கிலக் கண்ணுக்குக் குழப்பம். ‘கெ’யை ‘எக்’ என்று படிப்பார்கள். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒட்டி, பிரிக்காமல் காட்டினால் சரியாகும். ங, ஞ, ஔ வரிசைகள் இரண்டாம் ஆண்டுக்குப் போகட்டும்.

ல, ள, ழ வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குங்கள்; ஆனால் முதல் ஆண்டில் அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இப்போது பாதிக்கு மேல் சூலு பேசும் பிள்ளைகள். இந்த நிலையில் தமிழ் கேட்பது சரியா? சூலு வகுப்பை எடுத்துவிட்டுத் தமிழ் வைக்கச் சிலர் சொல்கிறார்கள்.
— இசிபிங்கோ ஆசிரியை

பதில்: சூலுவை எடுக்கச் சொல்வது தவறு. பிள்ளைக்கும் கேடு. 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கில் இரண்டு அதிகாரபூர்வ மொழிகள் கட்டாயம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் கூடுதல் மொழியின் இடத்தில் தமிழை வைத்தால், பிள்ளை 10ஆம் வகுப்பில் சூலுவோ ஆஃப்ரிகான்ஸோ அடித்தளமே இல்லாமல் வந்து நிற்கும். க்வாசூலு-நடாலில் வாழ்ந்து வேலை செய்யப்போகும் பிள்ளைக்குச் சூலு வேண்டும். தமிழுக்கு உரிய இடம் இரண்டாம் கூடுதல் மொழி. அங்கே அது யாரோடும் மோதாது.

வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். படிவத்தில் ‘தமிழ்க் குடும்பம்’ என்ற கட்டம் வேண்டவே வேண்டாம். சூலு பேசும் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு நன்மையும் உண்டு. ‘ங்கியஹம்பா’, ‘உயஹம்பா’ என்று யார் போகிறார் என்பதை அவர்கள் வினையின் தலையில் ஒட்டுகிறார்கள். நாம் ‘போகிறேன்’, ‘போகிறாய்’ என்று வாலில் ஒட்டுகிறோம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கப் பல வகுப்புகள் ஆகும். சூலு தெரிந்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுக்கும்.

கேள்வி: தமிழ் வகுப்பில் தேவாரம் சொல்லிக் கொடுக்கலாமா? தைப்பொங்கல், தீபாவளியைப் பள்ளி நிகழ்ச்சியாக நடத்த விரும்புகிறோம்.
— ஸ்டாங்கர் பெற்றோர் குழு

பதில்: 2003இன் மதமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை, மதங்களைப் பற்றி அறியச் செய்வதையும் ஒரு மதத்தைப் போதிப்பதையும் பிரித்து வைக்கிறது. முதலாவது பாடத்துக்குள் வரலாம். இரண்டாவது வரக் கூடாது. பள்ளி நேரத்துக்கு வெளியே விருப்பமுள்ளவர்கள் பள்ளிக் கட்டடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே தேவாரத்தை வழிபாடாக ஓத வேண்டுமானால் சனிக்கிழமை வகுப்பில் வையுங்கள். பாட வகுப்புக்கு எளிய குறள்கள், ஆத்திசூடி, விடுகதைகள், ஓடிப் பாடும் விளையாட்டுப் பாட்டுகள் போதும். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. தமிழ் வகுப்பு கோயில் வகுப்பாகத் தோன்றினால் அவர்கள் வரமாட்டார்கள். அந்த இழப்பு மொழிக்குத்தான்.

நிகழ்ச்சிக்கு நாட்காட்டியைப் பாருங்கள். பொங்கலின்போது பள்ளி இன்னும் திறந்திருக்காது, அல்லது திறந்த பரபரப்பில் இருக்கும். தீபாவளியும், 1860இல் நம் முன்னோரில் முதலில் வந்தவர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் வந்த நவம்பர் 16உம் தேர்வுக் காலத்தில் விழுகின்றன. செப்டம்பர் 24 மரபு நாளை ஒட்டிய வாரமே பொருத்தம். பள்ளியே அப்போது பண்பாட்டு நிகழ்ச்சி நடத்தும். அதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 15 நிமிடம் வாங்குங்கள். ஆட்டமும் உடையும் மட்டும் காட்டாமல், பிள்ளைகள் தமிழில் பேசும் ஒரு சிறு நாடகம் கட்டாயம் இருக்கட்டும். அது புரட்டாசி விரத மாதம். உணவு மரக்கறியாக இருக்கட்டும்.

கேள்வி: மகளின் பள்ளி மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறது. — மெரிபேங்க்

பதில்: 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் டர்பன் பள்ளி ஒன்றின் வழக்கில், பண்பாட்டு, மத வழக்கமாக அணியும் மூக்குத்திக்கு விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது குடும்ப வழக்கம் என்பதை விளக்கி, விலக்குக் கேட்டு நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

கேள்வி: மகன் 9ஆம் வகுப்பு. மெட்ரிக்கில் தமிழ் எடுக்க ஆசைப்படுகிறான். பல்கலைக்கழகத்துக்கு அது கணக்கில் வருமா? அவன் பள்ளியில் தமிழ் இல்லை. வார இறுதி வகுப்புக்குப் போகிறான்.
— ஒரு தந்தை, லெனேசியா

பதில்: மெட்ரிக்கின் ஏழு பாடங்களில் இரண்டு அதிகாரபூர்வ மொழிகள், கணிதம் அல்லது கணித எழுத்தறிவு, லைஃப் ஓரியன்டேஷன் எனும் வாழ்க்கை வழிகாட்டல் பாடம் ஆகிய நான்கும் கட்டாயம். மீதி மூன்று விருப்பப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரம் 4 மணி. தமிழ் இரண்டாம் கூடுதல் மொழியாக அந்த மூன்றில் ஒன்றாகலாம். கவனியுங்கள்: 4ஆம் வகுப்பில் கூடுதல் நேரம் தேடி அலைந்தோமே, 10ஆம் வகுப்பில் அந்தச் சிக்கல் இல்லை, நேரம் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. லைஃப் ஓரியன்டேஷன் போலன்றி இது 20 கிரெடிட் பாடம். பட்டப்படிப்புத் தகுதிக்கு 50 சதவீதம் எடுக்க வேண்டிய நான்கு பாடங்களில் ஒன்றாகவும் வரலாம். ஆனால் அவன் விரும்பும் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள். பொறியியல் என்றால் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த அறிவியல் பாடமும் வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு இடம் மிஞ்சும். அதில் ஒன்றைத் தமிழுக்குத் தரலாம். கணக்கியலும் உயிரியலும் சேர்த்து எடுத்தே தீர வேண்டும் என்றால் தமிழ் எட்டாவது பாடமாகத்தான் முடியும். அந்தச் சுமையை அவனே சொல்லட்டும்.

வார இறுதி வகுப்பு மட்டும் போதாது. 10 முதல் 12 வரை மூன்று ஆண்டும் பாடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் பள்ளி வழி மதிப்பீடு, 75 சதவீதம் தேர்வு. அந்த 25ஐ நடத்தவும், பதியவும், மேற்பார்வைக்கு அனுப்பவும் அங்கீகாரம் பெற்ற இடம் ஒன்று வேண்டும். அவன் பள்ளி நடத்தாவிட்டால், நடத்தும் வேறு பள்ளி அல்லது மையத்தில் இந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்க மாகாணத் துறையின் முன் அனுமதி பெற வேண்டும். 10ஆம் வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம்; 9ஆம் வகுப்பில் பாடத் தேர்வுப் படிவம் கொடுக்கும்போதே தலைமை ஆசிரியரிடம் கடிதமாகக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் தமிழ் நன்றாகத் தொடங்கியது. இப்போது 7ஆம் வகுப்பில் ஆறு பேர்தான். எப்படிக் காப்பது?
— வெருலம் வாசகி

பதில்: 7ஆம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிகிறது. 8ஆம் வகுப்புக்குப் போகும் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இல்லை என்றால், ‘இதை எதற்குப் படிக்க வேண்டும்’ என்று 6ஆம் வகுப்பிலேயே பிள்ளை கேட்கும். 4இல் தொடங்கி 12 வரை ஒன்பது கல்வியாண்டு. உங்கள் பள்ளி கையில் வைத்திருப்பது அதில் நான்குதான். உங்கள் பிள்ளைகள் வழக்கமாகச் சேரும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் எவை என்று பாருங்கள். அவற்றின் நிர்வாகக் குழுக்களுக்கு, எந்த ஆண்டில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள், எதுவரை படித்திருப்பார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியலை இப்போதே அனுப்புங்கள். மூன்று தொடக்கப் பள்ளிகள் சேர்ந்து அனுப்பினால் ஆறு பேர் பதினைந்து இருபதாகிவிடும். அதற்கு மேல் ‘ஆள் இல்லை’ என்று சொல்ல முடியாது. 5, 6ஆம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை நேரே வகுப்பில் உட்கார வைக்காமல், ஜனவரியில் ஆறு வாரம் தனி எழுத்து வகுப்பு வைத்துப் பிறகு சேருங்கள். இந்த ஆறு பேரையும் ஒருவரைக்கூட விடாமல் 8ஆம் வகுப்புக்கு ஒரே பள்ளியில் சேர்க்கப் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசி நாள் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும் என்பதால், பேச்சு 7ஆம் வகுப்பின் முதல் பருவத்தில் நடந்தாக வேண்டும்.